கற்பனை பேஸ்பால் அணிகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது எப்படி?

1930களின் பிற்பகுதியில், மலாயாவின் கெடா மாநிலத்தில், ஓர் அமெரிக்கத் துரை தம் ரப்பர்த் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் பேஸ்பாலைப் பரப்பி எட்டு அணிகள் கொண்ட லீக் ஒன்றைத் தொடங்குவதாக நாவல் எழுதுகிறீர்கள். அணிகளுக்குப் புலிகள், சிங்கங்கள், கழுகுகள், கடாரத்துச் சோழர்கள் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்த நண்பர்கள் அவை கைப்பேசி விளையாட்டில் வரும் பெயர்களைப் போல் இருக்கின்றன, கதையோடு ஒட்டவில்லை என்று சொன்னதால், நல்ல பெயர்கள் எட்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தபோது, உங்களுக்கு வேண்டியது எட்டுப் பெயர்கள் அல்ல என்றே எனக்குப் பட்டது. ஒரு பெயரைப் படித்தவுடன் இப்படி ஓர் அணி இருந்திருக்கும் என்று ஏன் நம்பிவிடுகிறோம், வேறொரு பெயரை ஏன் நம்ப மறுக்கிறோம் என்பதே உங்கள் உண்மையான கேள்வி. அதற்குத்தான் இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கெடாவின் பீடோங் பக்கத்தில் இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெண் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் சாஃப்ட்பால் பயிற்றுவித்தேன். அந்த ஆட்டத்தின் தாயான பேஸ்பாலின் வரலாற்றை அப்போது தொடங்கிப் படித்து வருகிறேன். தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு இந்த வட்டாரத்துக் காற்பந்துப் போட்டிச் செய்திகளும் எழுதியதுண்டு. ஆகவே அணிப் பெயர்கள் திடலில் எப்படி ஒலிக்கும், செய்தித்தாளில் எப்படிச் சுருங்கும் என்பதை ஓரளவு அறிவேன். தோட்டங்களில் பேஸ்பால் லீக் நடந்ததாக நான் எந்த ஆதாரத்தையும் கண்டதில்லை. தோட்டத்தின் ஆட்டம் காற்பந்துதான். ஆனால் உங்கள் கற்பனைக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. போருக்கு முன்பே அமெரிக்க ரப்பர் நிறுவனத்தின் கையில் கெடாவில் பெரிய தோட்டங்கள் இருந்தன. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரே அந்தத் தொடர்பைச் சொல்லும். அங்கே வந்த ஒரு துரை தம் ஊர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதினால் எந்த வாசகரும் மறுக்கமாட்டார்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. பேஸ்பாலின் பழைய பட்டப்பெயர்களில் மிகப் பெரும்பாலானவை அணிக்காரர்கள் கூடி உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை அல்ல. கண்ணில் பட்டதைக் கொண்டு பிறர் அழைத்த பெயர்கள் அவை. வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆட்களை ஆடவைத்த முதல் அணி 1869இல் சின்சினாட்டியில் அமைந்தது. அது முழங்கால் வரை சிவப்புக் காலுறை அணிந்து ஆடியதால் சிவப்புக் காலுறை அணி என்றே பெயர் பெற்றது. இன்றைய பாஸ்டன், சிகாகோ அணிகளின் பெயர்களில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பவையும் காலுறைகள்தான். நியூயார்க்கின் இன்றைய யாங்கீஸ் அணி முதலில் மேட்டுப்பாங்கான இடத்தில் திடல் அமைத்ததால் ஹைலாண்டர்ஸ் எனப்பட்டது. அந்தப் பெயர் தலைப்பில் அடங்காத நீளம் என்று செய்தித்தாள்கள் யாங்கீஸ் என்று எழுதத் தொடங்கின, 1913இல் அதுவே அதிகாரப்பூர்வப் பெயரானது. புரூக்ளினில் மின்சார டிராம் வண்டிகள் பெருகிய 1890களில், அவற்றுக்கு விலகி விலகித் தெருவைக் கடக்கும் ஊர்க்காரர்களை டிராமுக்குத் தப்புகிறவர்கள் என்று அழைத்தார்கள். டாட்ஜர்ஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதே அணியில் 1888 வாக்கில் ஒரே காலத்தில் பலர் திருமணம் செய்துகொண்டதால் சில காலம் மாப்பிள்ளைகள் என்றும் வழங்கியது.

இந்தப் பெயர்களில் எதிலும் வீரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். காலுறை, மேடு, டிராம், கல்யாணம் ஆகியவைதான் இருக்கின்றன. புலி, சிங்கம், கழுகு என்று வைக்கும்போது அணி தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் பட்டியல் ஒட்டவில்லை. அந்தப் பெயர்களை எந்த ஊரிலிருந்தும் எடுத்து எந்த ஊரிலும் வைக்கலாம். டிராம் ஓடாத ஊரில் டாட்ஜர்ஸ் என்ற பெயர் முதன்முதலாகத் தோன்றியிருக்க முடியாது.

இந்த முறை நம் தோட்ட மக்களுக்குப் புதிதன்று. ஒரு தோட்டத்துக்கு இலண்டனில் பதிவான கம்பெனிப் பெயர் ஒன்று இருக்கும், அங்கே வேலை செய்த நம் மக்கள் வாயில் வழங்கிய பெயர் வேறொன்றாக இருக்கும். வாயில் வழங்கிய பெயர், அங்கிருந்த ஒரு கங்காணியை, ஒரு மரத்தை, ஆற்றின் வளைவை, கொட்டகைக் கூரையின் நிறத்தைச் சொல்லும். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையும் மேட்டு லயம், பள்ளத்து லயம், ரயிலடி லயம் என்று இருக்கும் இடத்தைக் கொண்டே சொன்னார்கள். ஆகவே உங்கள் நாவலில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு பெயர் இருக்கட்டும் என்பது என் முதல் பரிந்துரை. துரை கோப்பையில் பொறிக்கக் கொடுத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. திடலின் ஓரத்தில் நின்ற கூட்டம் கத்திய பெயர் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டே துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த தூரத்தை, ஒரு வரி விளக்கம் எழுதாமல், உங்களால் காட்டிவிட முடியும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு ரப்பர்ப் பால் துணியில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். சொட்டும்போது பசும்பாலைப் போல வெண்மையாக இருக்கும். காய்ந்ததும் துணியின் இழையோடு இறுகிப் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். எவ்வளவு கசக்கினாலும் போகாது. வேலைக்காட்டுக்கு அணிந்து போகும் சட்டை சில மாதங்களில் முன்பக்கம் முழுவதும் அட்டை மாதிரி விறைத்து, புளித்த வாடையோடு கொடியில் தனியே தொங்கும். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கெழுதும் கிராணிமாரும் ஆபீஸ்காரர்களும் கொண்ட அணி சலவை செய்த வெள்ளைக் கால்சட்டையோடு வருகிறது. பால்வெட்டுக்காரர்களுக்குச் சீருடை வாங்கப் பணமில்லை. வேலைச் சட்டையோடே இறங்குகிறார்கள். எதிரணிக் கூட்டத்தில் யாரோ ஒருவர் ‘கறைச்சட்டை’ என்று கத்துகிறார். அன்று அவர்கள் வென்றுவிட்டால், அடுத்த வாரம் அவர்களுடைய கூட்டமே அதைப் பெருமையாகக் கத்தும். சின்சினாட்டியின் காலுறை எப்படிப் பெயரானதோ அப்படித்தான் இதுவும் பெயராகிறது. ஆனால் இது பால்மரத் தோட்டத்தைத் தவிர வேறெங்கும் பிறந்திருக்க முடியாத பெயர்.

வசையைப் பெயராக ஏற்றுக்கொள்வது நான் புதிதாகச் சொல்வதன்று, அந்த ஆட்டத்தின் நெடுநாள் வழக்கம். 1890இல் தனி லீக் ஒன்றுக்குப் போன ஆட்டக்காரர்கள், அது கலைந்ததும் பழைய அணிகளுக்குத் திரும்ப வேண்டும் என்று உடன்பாடு இருந்தது. லூ பியர்பவர் என்ற ஆட்டக்காரரின் பெயரைப் பதிந்து வைக்கப் பழைய அணி தவறிவிட, பிட்ஸ்பர்க் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. இது கடற்கொள்ளைக்காரன் செய்யும் வேலை என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. பிட்ஸ்பர்க் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு பைரேட்ஸ் ஆனது. 1902இல் நியூயார்க் அணி ஒன்றின் மேலாளர் ஜான் மெக்ரா, பிலடெல்பியாவின் அத்லெட்டிக்ஸ் அணி உரிமையாளர்களுக்கு அது தீனி போட்டுக் கட்டுப்படியாகாத வெள்ளை யானை என்று ஏளனம் செய்தார். அத்லெட்டிக்ஸின் மேலாளர் கோனி மேக் அந்த யானையையே அணியின் சின்னமாக்கினார். இடையில் சில காலம் கைவிடப்பட்டாலும், நூற்றாண்டு கடந்து, ஊர்கள் பல மாறியும் அந்த யானை அணிக்கே திரும்பி வந்தது. வசையில் பிறந்த பெயருக்குள் ஒரு சண்டை ஏற்கனவே இருக்கிறது. நாவலாசிரியருக்கு அதைவிடப் பயனுள்ள பெயர் வேறு கிடைக்காது. ஆனால் எட்டு அணிக்கும் இதையே செய்யாதீர்கள். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

உங்கள் கதைக்கு மிக அருகில் நிற்கும் முன்மாதிரி பெரிய லீக்குகளில் இல்லை என்பது என் எண்ணம். நிறவேற்றுமை காரணமாகப் பெரிய லீக்குகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட லீக்குகளில் பாருங்கள். பிட்ஸ்பர்க் அருகே ஹோம்ஸ்டெட் என்ற எஃகு ஆலை ஊரில், ஆலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் சேர்ந்து ஆடிய அணி 1912இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற பெயரைப் பெற்றது. கிரே என்பது சாம்பல் நிறம், அவ்வளவுதான். ஊர்ப் பெயரும் ஒரு நிறமும் சேர்ந்த அந்த எளிய பெயர், பிறகு அந்த லீக்குகளின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றின் பெயராக நிலைத்தது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் வெள்ளையர் அணிக்கு பேரன்ஸ் என்று பெயர்; நிலக்கரி, எஃகு முதலாளிகளைக் குறிக்கும் சொல் அது. அதே ரிக்வுட் திடலில் ஆடிய கறுப்பினத்தவர் அணி பிளாக் பேரன்ஸ் ஆயிற்று. ஒரே திடல், ஒரே பெயர், முன்னால் ஒட்டிய ஒரு சொல் மட்டும் வேறு. தோட்டத்தில் துரை, கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர், தொழிலாளி என்று படிப்படியாக இருந்த வாழ்க்கையை நீங்கள் அறிவீர்கள். ஆபீஸ் அணிக்குத் துரை சூட்டிய பெயரோடு லயம் என்ற சொல்லை முன்னால் சேர்த்து மற்ற அணியை அழைத்தார்கள் என்று எழுதினால், பர்மிங்ஹாமில் நடந்தது பீடோங்கிலும் நடந்திருக்கும் என்று வாசகர் எளிதில் ஏற்பார்.

ஜப்பானிய வழக்கத்தையும் சற்று நினைவில் வையுங்கள். அங்கே தொழில்முறை அணிகளைக் கம்பெனிகள் நடத்துகின்றன. கம்பெனியின் பெயர் முன்னாலும் பட்டப்பெயர் பின்னாலும் வரும். 1950இல் தேசிய ரயில்வேயின் ஆதரவில் தொடங்கிய அணிக்குத் தூக்கணாங்குருவி வகைப் பறவையின் பெயர் வைத்தார்கள் என்று சிலர் தமிழில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். சரியான பறவை தகைவிலான். அந்தப் பெயரில் ஓடிய புகழ்பெற்ற விரைவு ரயிலே காரணம். தோட்டம் என்பது கம்பெனியின் உடைமை, எனவே துரை கொடுத்த அதிகாரப்பூர்வப் பெயர் இந்த அமைப்பில் வருவதே இயல்பு. இன்னொரு செய்தியும் உங்கள் காலத்துக்குப் பொருந்தும். போர்க்கால உணர்வில், 1940இல் ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் அணிகளின் ஆங்கிலப் பெயர்கள் கைவிடப்பட்டன. உங்கள் நாவல், ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்த 1941 டிசம்பரைத் தாண்டிச் செல்வதாக இருந்தால், பேஸ்பாலை நன்கு அறிந்த ஒரு ஜப்பானிய அதிகாரி தோட்டத்துக்கு வருவதும், கோப்பையிலுள்ள ஆங்கிலப் பெயரைப் பார்ப்பதும் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய காட்சிகள். அப்போது மக்கள் வாயிலிருந்த தமிழ்ப் பெயர் மட்டும் தப்பிப் பிழைக்கும்.

இனி, உறுதியும் ஐயமும் கலந்த பகுதிக்கு வருகிறேன். பெயர் எப்போது வந்தது என்பதை ஆவணங்களைக் கொண்டு சொல்ல முடியும். ஏன் வந்தது என்பதில் பிற்காலத்தார் சேர்த்த கதைகள் நிறைய இருக்கும். செயின்ட் லூயிஸ் அணி 1900 வாக்கில் கார்டினல்ஸ் (கார்டினல் என்பது ஒரு வகைச் சிவப்பு) ஆனதும், அதற்குச் சற்று முன் சீருடை ஓரத்தின் நிறம் சிவப்பாக மாறியதும் உறுதி. கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி அந்தச் சிவப்பின் அழகை வியந்து சொன்னதை நிருபர் ஒருவர் கேட்டு எழுதினார் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. அதை நான் கதை என்ற அளவில்தான் வைப்பேன். டெட்ராய்ட்டின் புலிகளுக்குக் காலுறையில் இருந்த வரிகள் காரணம் என்பார்கள் சிலர், அந்த ஊரின் படைப்பிரிவு ஒன்றின் பெயர் காரணம் என்பார்கள் சிலர். கிளீவ்லாந்து அணி 1915இல் இந்தியன்ஸ் என்று பெயர் கொண்டது, முன்பு அந்த ஊரில் ஆடிய பெனோப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்த லூயிஸ் சாக்கலெக்சிஸை மதிப்பதற்காக என்று அணி பின்னாளில் சொல்லிவந்தது. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இந்த ஐயத்தை நீங்களும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் எட்டு அணிகளில் ஒன்றின் பெயருக்கு மட்டும் இரண்டு காரணங்கள் உலவட்டும். கள்ளுக்கடையில் ஒரு கதையும் கோவில் திண்ணையில் வேறொரு கதையும் சொல்லப்படட்டும், ஆசிரியராகிய நீங்கள் எது சரி என்று தீர்ப்பளிக்காமல் விடுங்கள். உண்மையான பெயர்களுக்கு அப்படித்தான் நேர்கிறது.

காலம் பொருந்துகிறதா என்பது அடுத்தது, இதில்தான் கற்பனை லீக்குகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. இணையத்தில் தேடினால் உங்களுக்கு விந்தையான பெயர்கள் ஏராளமாகக் கிடைக்கும்: 1996இல் வந்த லான்சிங் லக்நட்ஸ், 2004இல் வந்த மான்ட்கோமரி பிஸ்கட்ஸ், 2017இல் வந்த ஜாக்சன்வில் ஜம்போ ஷ்ரிம்ப். சக்கரத்தை இறுக்கும் மரையும் பிஸ்கட்டும் பெரிய இறாலும் அணிப் பெயர்களாகிவிட்டன. இவை சிறு லீக்குகளில் தொப்பியும் சட்டையும் விற்பதை மனத்தில் வைத்து அண்மைக் காலத்தில் வந்த ஒரு வகை. 1930களின் கதையில் இவற்றைப் போல வைத்தால் காலம் குலைந்துவிடும். டொலீடோ ஊரின் சேற்றுக்கோழிகள் போன்ற வேடிக்கையான பழைய பெயர் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது 1896லேயே வந்தது, திடலுக்கு அருகிலிருந்த சதுப்பில் அந்த நீர்க்கோழிகள் திரிந்ததால் வந்தது. அதாவது அதுவும் கண்ணில் பட்டதுதான். புதிய வகையில் நம் மனத்துக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓஹாயோவின் அக்ரான் நகரில்தான் 1898இல் குட்இயரும் 1900இல் ஃபயர்ஸ்டோனும் தொடங்கின. உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஊர் அது. நம் முன்னோர் விடியலில் வெட்டிய பால், பாளமாகி, புகைக்கூட்டில் காய்ந்து, கப்பலேறிப் போய்ச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்குள்ள அணி 2014 முதல் ரப்பர்டக்ஸ், அதாவது ரப்பர் வாத்துகள் என்ற பெயரில் ஆடுகிறது. உங்கள் துரை அக்ரானிலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொண்டால் பல முடிச்சுகள் தாமாக அவிழும். ஆனால் வாத்தைக் கொண்டுவந்துவிடாதீர்கள், அது அவர் காலத்துக்கு மிகவும் பிந்தையது.

கடாரத்துச் சோழர்கள் என்ற பெயரைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும், மெய்க்கீர்த்தியில் கெடாவின் பழைய பெயரான கடாரம் குறிக்கப்படுவதும், ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் கிடைப்பதும் நம் வட்டாரத்துப் பெருமைகள். நானும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால் 1930களில் அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து ஓடிய ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தன் அணியைச் சோழர்கள் என்று அழைத்திருப்பார் என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. படித்த சங்கத்தார் சூட்டும் பெயர் அது. தோட்டப் பள்ளி ஆசிரியரோ வாசகசாலைச் செயலாளரோ கதையில் இருந்தால், அவர் அதை முன்மொழிந்து, கூட்டத்தார் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை திடலில் வேறு பெயரையே கத்தினார்கள் என்று எழுதலாம். புலிக்கும் இதே சட்டம்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தை ஒட்டிய காட்டில் புலி உண்மையாகவே இருந்தது. ஒரு நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் புலியின் தடத்தைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்ற நிகழ்ச்சியிலிருந்து அந்தப் பெயர் வந்தால், அது முழுக்க நம்பத்தக்க பெயர். இன்று தேசிய காற்பந்து அணிக்கு மலாயாப் புலி என்றும் பேராவுக்குக் காட்டெருமை என்றும் பகாங்கிற்கு யானை என்றும் திரங்கானுவுக்கு ஆமை என்றும் பெயர் வழங்குவதால், விலங்குப் பெயரைக் காரணமில்லாமல் வைத்தால் வாசகர் மனம் நேரே அங்கே போய்விடும்.

ஆளின் பெயரால் அணி அமைவதையும் விட்டுவிடாதீர்கள். கிளீவ்லாந்து அணி நாப் லாஜோய் என்ற ஆட்டக்காரரின் பெயரால் நாப்ஸ் என்று வழங்கியது, 1914க்குப் பிறகு அவர் போனதும் பெயரும் போயிற்று. புரூக்ளின் அணி வில்பர்ட் ராபின்சன் பயிற்றுநராக இருந்த காலத்தில் ராபின்ஸ் ஆகி, அவர் விலகிய பிறகு டாட்ஜர்ஸ் என்ற பழைய பெயரிலேயே நிலைத்தது. ஒரு மண்டோரின் பெயரால் வழங்கும் அணியை நீங்கள் படைத்தால், அவர் தோட்டம் மாறிப் போகும் நாளில் அந்த அணி என்ன செய்யும் என்பதே ஓர் அத்தியாயமாகும். ஆனால் கங்காணிகளின் பெயரோடு சாதி ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. அணியின் பெயரில் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன். கதைமாந்தர் பேச்சில் அந்தக் கொடுமையைக் காட்டுவது வேறு, நூல் முழுவதும் வாசகர் விரும்பி உச்சரிக்கப்போகும் பெயராக அதை வைப்பது வேறு. பழங்குடி மக்களின் பெயரையும் அப்படியே தவிர்த்துவிடுங்கள். கிளீவ்லாந்து நூறாண்டுக்கு மேல் வைத்திருந்த பெயரை விட்டு, 2022 முதல் தன் ஊர்ப் பாலத்தில் நிற்கும் காவல் சிலைகளின் பெயரால் கார்டியன்ஸ் ஆனது. வாழும் ஒரு மக்கள் கூட்டத்தைச் சின்னமாக்கி ஆடவைப்பது அவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதை நீண்ட போராட்டத்துக்குப் பிறகே ஏற்றுக்கொண்டார்கள். கள்ளுக்கடையை ஒட்டிய பெயர் வைக்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். 1882இல் தொடங்கிய அமெரிக்கன் அசோசியேஷனை பீர், விஸ்கி லீக் என்று ஏளனம் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கள்ளு நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களின் கூலியைத் தின்றது என்பதை அந்தப் பெயர் சுமந்தாக வேண்டும். சுமக்கும் நோக்கம் இருந்தால் வையுங்கள், வேடிக்கைக்காக வேண்டாம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரை வாய்விட்டுக் கத்திப் பாருங்கள். ‘கறைச்சட்டை’, ‘மேட்டுக்காரன்’ போன்றவற்றில் வல்லின இரட்டிப்பு இருப்பதால் கூட்டம் கைதட்டி அடிக்க ஏதுவாக இருக்கும். ‘காட்டெருமைகள்’ என்று பன்மை விகுதியோடு யாரும் கத்தமாட்டார்கள். ‘எருமை, எருமை’ என்றுதான் கத்துவார்கள், எதிரணி அதை வேறு பொருளில் திருப்பிக் கத்தும். இரட்டைப் பொருள் தரும் சொற்களை எதிரணிக் கூட்டம்தான் முதலில் கண்டுபிடிக்கும் என்பதால், ஒவ்வொரு பெயரையும் எதிரியின் வாயில் வைத்தும் சோதியுங்கள். தமிழ் நேசன் இதழ் 1924லேயே வெளிவரத் தொடங்கிவிட்டது. ஆகவே உங்கள் லீக் பற்றிய செய்தித் துணுக்குகளை நாவலில் சேர்க்க விரும்பினால் அது காலத்துக்குப் பொருந்தும். அந்நாளைய நடையில் அணியைக் கோஷ்டி என்று எழுதுவது இயல்பு. ‘கறைச்சட்டை கோஷ்டிக்கு ஜயம்’ என்பது அந்தக் காலத்துத் தலைப்பாகவே ஒலிக்கும்.

பெயர்களுக்கான சட்ட உரிமை பற்றி என்னால் ஆலோசனை சொல்ல இயலாது. இன்றுள்ள அணிகளின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே அட்டைப்படத்தில் போடுவதற்கு முன் பதிப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், பெயரைத் தொடுவதற்கு முன் எட்டுத் தோட்டங்களையும் ஒரு தாளில் வரைவேன். எது மலைச்சரிவில், எது மெர்போக் ஆற்றுப் பக்கம், எதற்கு ரயில் பாதை அருகில், எதில் புகைக்கூடு இருக்கிறது, எதன் துரை கடுமையானவர், எந்த அணியை எந்த அணிக்குப் பிடிக்காது என்று குறித்துவிட்டு, ஒவ்வொன்றையும் முதன்முதலில் பெயர் சொல்லி அழைத்தவர் யார் என்று கேட்டுக்கொள்வேன். மலைச்சரிவுத் தோட்டம் மேட்டுக்காரர் ஆகும். புகைக்கூட்டில் வேலை செய்கிறவர்கள் எத்தனை முறை குளித்தாலும் போகாத வாடையோடு திடலுக்கு வருவார்கள்; அவர்களுக்குப் புகை என்ற ஒற்றைச் சொல்லே போதும், அது ஹோம்ஸ்டெட்டின் சாம்பல் நிறத்துக்கும் நெருக்கமானது. மட்டை வாங்க வழியில்லாமல் பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்பை அறுத்து மட்டையாக்கிப் பழகிய அணியை மற்றவர்கள் காண்டா என்பார்கள். இவற்றோடு கறைச்சட்டையும் சேர்த்தால் நான்கு ஆகிவிட்டன. மீதி நான்கில் ஒன்று சாதுவான, வெறும் ஊர்ப் பெயராகவே இருக்கட்டும். பிலடெல்பியாவின் பில்லிஸ் ஊர்ப் பெயரை அன்றி வேறெதையும் சொல்லவில்லை, ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மற்ற மூன்றும் நீங்கள் வரையும் படத்தைப் பொறுத்தவை. அந்தப் படத்தையும் துரை எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதையும் இங்கே பதிவிட்டால், அவற்றையும் சேர்ந்து பார்க்கலாம்.